நாற்பது வீட்டுக்கு ஒரே மரம்

ஒன்றாம் தேதி காலையில் செண்பகா நகர் மூன்றாவது வீதியில் யாரும் ஷாமிலி வீட்டுக்கு இலை பறிக்க வருவதில்லை. ஒருத்தி உறைமோர் கேட்டு வருவாள். இன்னொருத்தி, பூனை இந்தப் பக்கம் வந்ததா என்று விசாரிக்க வருவாள். அவள் வீட்டில் பூனையே கிடையாது. பக்கத்து வீட்டு வர்ஷா மட்டும் காரணம் கண்டுபிடிக்கும் சிரமத்தை எடுத்துக்கொள்ள மாட்டாள். நேரே புழக்கடைக்குப் போய், சாத்துக்குடி மரத்தின் நாலு பக்கமும் நாலு இலையைக் கிள்ளி நைட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "வரனுங்க்கா" என்று கிளம்பிவிடுவாள்.

ஷாமிலி யாரையும் தடுத்ததில்லை. ஐம்பத்தெட்டு வயதில் வீதி மொத்தமும் மாதம் ஒருமுறை தானே நடந்து வந்து ஆஜராவது எத்தனை பேருக்கு வாய்க்கும்? இலை தேடுகிறவள் சும்மா தேட மாட்டாள். மருமகள் தனி ஃப்ரிட்ஜ் வாங்கிய கதையோ, கடைசி வீட்டுப் பையன் வேலையை விட்டுவிட்டு அதை வீட்டில் சொல்லாமல் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பும் கதையோ ஏதாவது ஒன்று அவளையறியாமல் உதிரும். ஷாமிலி வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி அத்தனையையும் பொறுக்கிக்கொள்வாள்.

எதிர்வீட்டுக்கு எபனேசர் சார் குடிவந்தது ஜூன் மாத நடுவில். திண்டுக்கல்லில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஸ்டெல்லாவுக்குப் புற்றுநோய் வைத்தியம் கோயம்புத்தூரில் நடக்கிறது என்பதால் இங்கேயே வீடு வாங்கிவிட்டார். வீட்டோடு ஒரு சாத்துக்குடி மரமும், புழக்கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டிய ஒரு பெட்டியும் வந்தன.

"இது என்ன சிஸ்டர்?" என்று ஷாமிலியிடம் கேட்டார். சாமான் இறக்குவதை மேற்பார்வை பார்க்க யாரும் கூப்பிடாமலே வந்திருந்தாள் அவள்.

"அதுங்களா சார்? அரசாங்கத்துல பேரு நீளமா வெச்சிருக்காங்க, நாங்க டப்பாம்போம். பெரிய வாடல் வந்து தோட்டமெல்லாம் போச்சுல்லீங்க? அப்பறம் எலுமிச்சை, சாத்துக்குடி எல்லாம் வீட்டு மரத்துல மட்டுந்தான மிச்சம். அதுக்கும் வியாதி வந்துறப்படாதுன்னு வாரியத்துல வீட்டுக்கு வீடு மாட்டிட்டாங்க. மாசம் ஒண்ணாந் தேதி நாலு இலைய உள்ள வெக்கோணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெளக்கு எரியும். பச்சைன்னா நிம்மதி."

"சிவப்புன்னா?"

"ஏழு நாள்ல ஆளு வந்து மரத்தச் சாச்சுப்போடுவான். அதோட போனாத் தேவலையே. அறுபது அடிக்குள்ள கறிவேப்பிலை மரம் இருந்தா அதையும் வெட்டிருவான். ரெண்டுலயும் ஒரே பூச்சிதான் குடியிருக்குமாம்."

எபனேசர் சார் டப்பாவை மரியாதையோடு ஒரு முறை பார்த்தார். ஷாமிலி குரலைத் தணித்தாள்.

"நீங்க பயப்பட வேண்டாமுங்க. மொத வருசம் ஏதோ புழு கடிச்ச ஓட்டைக்கெல்லாம் ரெண்டு வீட்டுக்குச் சிவப்புப் போட்டு மரத்த வெட்டிட்டாங்க. அன்னிக்கு எங்க மரத்துக்கு நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு. அதுலருந்து வீதியே எங்க இலையத்தான் வெக்குது. ஏழு வருசமா ஒரு வெளக்கு சிவப்பா எரிஞ்சதில்ல. உங்களுக்கும் நாலு இலை எடுத்துக்கங்க."

"எங்க மரத்துக்கு என்னன்னு கேக்கறதுக்கு எங்க மரத்து இலையத்தானே சிஸ்டர் காட்டணும்?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டார். அன்று மாலைக்குள் இந்த ஒரு வாக்கியம் ஆறு வீடுகளுக்குப் போய், ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் சதை போட்டுத் திரும்பி வந்தது.

ஜூலை ஒன்றாம் தேதி ஐந்து மணிக்கு எபனேசர் சார் வீட்டு டப்பா சிவப்பாக எரிந்தது.

முதலில் அலறியது வர்ஷா. அவளுடைய கறிவேப்பிலை மரம் முன்வாசலில், எதிர்வீட்டு மரத்திலிருந்து அறுபது அடிக்குள் நிற்கிறது. "அந்த மனுசனுக்கு ரெண்டு கையால நாலு இலை வாங்கிக்கத் துப்பில்ல, எங்கொழம்புல மண்ணப் போட்டுட்டாரு" என்று வீதி நடுவில் நின்று சொன்னாள்.

ஷாமிலி ஒரு கிண்ணம் ரசத்தைக் காரணமாக எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். வியாதி மரம் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கிற ஆசை. பார்த்ததும் ரசத்தைக் கீழே வைத்துவிட்டாள். கரும்பச்சை இலை, வெயிலில் எண்ணெய் தடவியது போல. ஒவ்வொரு கிளையிலும் உள்ளங்கையை நிரப்பும் காய். இது வியாதி என்றால் அந்த வியாதி தன் வீட்டு மரத்துக்கும் வரட்டும் என்று தோன்றியது.

உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த ஸ்டெல்லா தம்ளரைக் காட்டினாள். "மருந்து ஏத்தினதுலருந்து வாயில எதை வச்சாலும் திரும்பிடுது அக்கா. இந்தச் சாறு மட்டுந்தான் தங்குது. ரெண்டு வாரமா இதுலதான் ஓடுது. கடையில கிடைக்கற சாமானா இது? மரம் போனா வேற எதைக் குடிக்கறதுன்னு தெரியல." அழவில்லை. மாவு தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். அது ஷாமிலிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து தன் மரத்தடியில் நின்றாள். மூன்று வருடமாகவே அவளுக்கு இந்த மரத்தின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. இலை இரண்டு பக்கமும் வெளிறி, நுனி காய்ந்து, காய் எலுமிச்சை அளவோடு நின்றுவிட்டது. பிழிந்தால் இரண்டு சொட்டு வரும், அதுவும் கசக்கும். புளித்த மோர் ஊற்றினாள். புண்ணாக்குப் போட்டாள். யாரோ சொன்னார்கள் என்று பேதி உப்பைக்கூடக் கரைத்து விட்டாள். ஒவ்வொரு மாதமும் டப்பாவிடம் கேட்டாள். ஒவ்வொரு மாதமும் அது தேன் தடவிய பெண்குரலில், "உங்கள் மரம் மிக்க நலத்துடன் உள்ளது. பாராட்டுகள்" என்றது.

வாரியத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். அங்கேயும் அதே குரல்.

"எம்மரம் செத்துட்டு இருக்குதும்மா."

"உங்கள் மரம் தொண்ணூற்றேழு மதிப்பெண் பெற்றுள்ளது. பாராட்டுகள்."

"மார்க்க விடு. இலை காயுது. நீயே வந்து பாரு."

"வேறு மரத்தைப் பற்றிப் பேச விரும்பினால் இரண்டை அழுத்தவும்."

இரண்டை அழுத்தினாள். வேறு மரங்கள் அனைத்தும் நலம் என்று அது தெரிவித்தது. ஷாமிலி போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

மூன்றாம் தேதி வாரியத்திலிருந்து ரக்‌ஷனா என்ற அதிகாரி வந்தாள். சின்ன வயதுப் பெண், களைத்த முகம், கையில் பலகை போல ஒரு திரை. எபனேசர் சார் அவளை மரத்தடியில் நிறுத்தி, "நீங்களே கண்ணால பாருங்கம்மா" என்றார்.

"பாத்தா நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா நான் பாக்கறத எழுதறதுக்கு இதுல எடமே இல்லீங்க." திரையைக் காட்டினாள். "டப்பாவுக்கு மரம்னா என்னன்னு தெரியாதுங்க. இந்த வீதியில நல்லாருக்கற இலை எப்படி இருக்கும்னுதான் தெரியும். மண்ணு, தண்ணி எல்லாம் எடத்துக்கு எடம் மாறுதுல்லீங்களா, அதனால வீதிக்கு வீதி அதுவாவே கத்துக்கும். பாதி வீட்டுக்கு மேல எப்படியோ அதான் மாதிரி. அதுலருந்து ரொம்ப வெலகினா சிவப்பு."

"அப்ப எல்லா மரமும் கெட்டுப்போயி ஒண்ணு மட்டும் நல்லாருந்தா?" என்றார் கணக்கு வாத்தியார்.

"நாப்பது வீட்டு மரமும் ஒட்டுக்கா, ஒரே மாதிரி கெட்டுப்போகாதுங்க சார். நடக்கற காரியமா?"

ஷாமிலி சுற்றுச்சுவரில் போன எறும்பு வரிசையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங் மேடம்," என்று எறும்பிடம் கேட்பது போலக் கேட்டாள், "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். யாராச்சும் வேற மரத்து இலைய வெச்சா?"

"கண்டுபிடிச்சா அந்த வீட்டுல இனி மரமே வெக்க முடியாதுங்க. இருக்கறதையும் எடுத்துருவாங்க." ரக்‌ஷனா கிளம்பும் முன் விதியைச் சொன்னாள். ஏழாம் தேதி காலை மறுபரிசோதனை; இலையை அவளே பறிப்பாள். அதிலும் சிவப்பு என்றால் அன்றே வெட்டு.

அவள் போனதும் எபனேசர் சார் கோபப்படவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார்.

"வீதியில நாற்பத்தொரு வீடு சிஸ்டர். நாற்பதுலயும் இருந்தது உங்க மரத்து இலை. அது வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா கெட, டப்பாவும் கூடவே இறங்கி வந்திருக்கு. நோஞ்சானத்தான் அது ஆரோக்கியம்னு படிச்சிருக்கு. இருபத்தொரு வீட்டுல அவங்கவங்க மரத்து இலை இருந்தா, மாதிரி மாறிடும். நான் ஒண்ணு. இன்னும் இருபது வேணும். எந்த நாள் வேணும்னாலும் வைக்கலாம்னு டப்பா மேலயே போட்டிருக்கு."

இருபது வீடு என்பது ஷாமிலிக்கு ஒரு காலை வேலை. நாலாம் தேதி செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள். எல்லாரும் ஸ்டெல்லாவுக்காக உச்சுக் கொட்டினார்கள். எல்லாரும் வைக்கிறோம் என்றார்கள். மாலை ஐந்து மணிக்கு ஒரு வீட்டு டப்பாவிலும் புதுசாக இலை விழுந்ததாகத் தெரியவில்லை. ஐந்தாம் தேதி மறுபடி போனாள்.

"வெக்கறேனுங்க்கா, வெக்காம என்ன. மொதல்ல ஒரு பத்துப் பேரு வெக்கட்டும்."

"எங்க வீட்டுக்காரர் ஊர்ல இல்லீங்க." நாலு இலை கிள்ளப் புருஷன் எதற்கு என்று ஷாமிலி கேட்டாள். இன்னொரு காபி வந்தது.

வர்ஷாதான் வெளிப்படையாகப் பேசினாள். "எம்மரத்த நான் ஏழு வருசமா டப்பாவுக்குக் காட்டினதே இல்லீங்க்கா. அது என்ன சொல்லுமோன்னு பயமா இருக்குது. நான் மொதல்ல வெச்சு எனக்குச் சிவப்பு வந்தா, நீங்க வந்து நிப்பீங்களா?"

"உன் கறிவேப்பிலை போயிருமேடி."

"கறிவேப்பிலையோட போகட்டும். எலுமிச்சையும் சேந்து போகோணுமா?"

ஷாமிலிக்கு இப்படி ஒரு எரிச்சல் வாழ்நாளில் வந்ததில்லை. இந்த வீதியில் அவள் சொன்ன பொய்கள் ஒருநாளும் வீட்டுக்குள்ளேயே தங்கியதில்லை. மத்தியானத்துக்குள் பிள்ளையார் கோயில் தாண்டிப் போய்விடும். முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறாள், அது கேட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

ஆறாம் தேதி காலை ஏழு மணிக்கு அவளுக்கு உறைத்தது. தவறு விஷயத்தில் இல்லை, சொன்ன விதத்தில்.

கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். உள்ளே போகவில்லை. கேட்டில் கை வைத்து, அவசரமாக எங்கேயோ போகிறவள் போல, "நீங்க வெச்சாச்சுல்ல?" என்றாள்.

"என்னதுங்க்கா?"

"அட, தெரியாதா? நேத்தே முப்பது வீட்டுல அவங்கவங்க இலைய வெச்சுட்டாங்களே. இன்னிக்குச் சாயங்காலம் மாதிரி மாறுதாம். எம்மரத்து இலையையே நம்பிட்டு இருக்கறவங்களுக்குத்தான் இனிச் சிவப்பு. பாவம், நீங்க மட்டும் பாக்கியாட்ட இருக்குது. நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க."

அவள் திரும்புவதற்குள் அந்த அம்மாள் புழக்கடைக்கு ஓடும் சத்தம் கேட்டது.

பன்னிரண்டாவது வீட்டில், எம்மரத்து இலைய வெக்கறவங்களுக்குத்தான் இனிச் சிவப்பு என்று சொல்லும்போது அவளுக்கே நாக்குக் கொஞ்சம் தடுக்கியது. இவ்வளவு நேரமும் பொய் என்று நினைத்துச் சொன்னது பொய் இல்லை. இருபது வீடு வைத்துவிட்டால் அது நடக்கத்தான் போகிறது. நாற்பத்தொரு வீட்டில் நோஞ்சான் ஒன்றே ஒன்றாகிவிடும். அது யாருடையது என்று எபனேசர் சார் தாளில் எழுதத் தேவையில்லை.

அந்த வீட்டுக்காரி, "அக்கா, என்னமோ சொல்ல வந்தீங்க" என்றாள்.

ஷாமிலி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பாராட்டுகள் என்று அந்தக் குரல் சொல்வது காதில் கேட்டது.

"நீங்க மட்டுந்தான் பாக்கின்னு சொல்ல வந்தேன்" என்றாள்.

ஐந்து மணிக்கு வீதி நடுவில் நின்றாள். வெளியே தெரியும் டப்பாக்கள் ஒன்றிரண்டுதான்; மற்றவை புழக்கடைகளில். விளக்கைப் பார்க்க முடியாது, வீட்டுக்காரிகளின் குரலைத்தான் கேட்க முடியும். காதைத் தீட்டிக்கொண்டாள். பிறகு கடைசி வீட்டிலிருந்து, "பச்சைங்க்கா" என்றது ஒரு குரல். அப்புறம் எட்டாம் நம்பர். அப்புறம் வர்ஷா, பச்சை என்று சொல்ல வெட்கப்பட்டு, "ம்" என்றாள். மொத்தம் இருபத்தாறு வீடுகள் வைத்திருந்தன. ஏழாம் தேதி ரக்‌ஷனா தன் கையால் பறித்து வைத்த இலைக்கும் பச்சை வந்தது. அவள் திரையையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள். கேட்டால் எழுத இடம் இருந்திருக்காது.

ஆகஸ்டு ஒன்றாம் தேதி காலையில் ஷாமிலி வீட்டுக்கு உறைமோர் கேட்டு யாரும் வரவில்லை. எபனேசர் சார் மட்டும் வந்தார். கையில் காகிதப் பொட்டலம்.

"நாலு இலை இருக்கு சிஸ்டர். எங்க மரத்துது." அவர் முகம் பரீட்சையில் பிட்டு கொடுக்கிறவர் முகம் போல ஆகிவிட்டிருந்தது. "ஸ்டெல்லாதான் கொடுத்தனுப்பினா. நானும் சரின்னேன்."

ஷாமிலி பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. "வேண்டாமுங்க சார். எம்மரத்துக்கு என்னதான் கோளாறுன்னு மூணு வருசமாக் கேட்டுட்டு இருக்கேன். இன்னிக்காச்சும் அது பதில் சொல்லட்டும்."

வர்ஷாவின் கறிவேப்பிலை இந்த மரத்துக்கும் அறுபது அடிக்குள்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஷாமிலி கேட்கவில்லை. பாராட்டு இல்லாத ஒரு பதிலை வாங்கிவிட வேண்டும் என்ற ஆத்திரத்தில் அவளுக்கு வேறெதுவும் ஞாபகம் இல்லை.

ஐந்து மணிக்குச் சிவப்பு. வாரியத்துக் குரல் வருத்தம் தெரிவித்தது. என்ன வியாதி என்று மட்டும் சொல்லவில்லை.

மறுபரிசோதனை கேட்கவில்லை அவள். எட்டாம் தேதி பழனிவேல் என்ற ஆள் ரம்பத்தோடு வந்தார். கறிவேப்பிலையை முதலில் முடித்தார். வர்ஷா வாசலில் நின்று ஷாமிலியின் பெயரைச் சொல்லாமல் ஷாமிலியைத் திட்டினாள். பிறகு சாத்துக்குடி. அரை மணியில் சாய்ந்தது. அடிமரத்தை நெம்பி எடுத்தவர், வேரில் ஒட்டிய மண்ணைக் கையில் நசுக்கி மூக்கருகே வைத்தார்.

"வாஷிங் மெஷின் தண்ணி இதுக்குத்தான் வுடறீங்களா?"

"ஆமா. வீடு கட்டினதுலருந்து. தண்ணிய வீணாக்கப்படாதுன்னு நாந்தான் குழாய் போட்டு வுட்டேன்."

"அதாங்க. சோப்பு உப்பு வேருல ஏறியிருக்குது. இந்த இலையப் பாருங்க, நுனியிலிருந்து கருகியிருக்கு, வெளுப்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. வாடல் வியாதின்னா திட்டுத்திட்டா, ஒரு பக்கம் ஒரு மாதிரி இருக்கும். இதுல வியாதியே இல்லீங்க."

"அப்ப என்ன பண்ணியிருக்கோணும்?"

"குழாயத் திருப்பி வுட்டு, நாலு தடவ நல்ல தண்ணி கட்டியிருந்தா எந்திரிச்சிருக்கும்."

ஷாமிலி கீழே கிடந்த மரத்தைப் பார்த்தாள். "ஏழு வருசமா மாசாமாசம் நாப்பது பேரு இதச் சுத்தி வந்தாங்க. ஒருத்தரும் சொல்லலீங்களே."

"அவங்க மரத்தப் பாக்க வந்தாங்களாக்கும்?" என்று பழனிவேல் திரையை நீட்டினார். "காரணத்த அமுத்துங்க."

வாடல் நோய், பூச்சி, வேரழுகல். மூன்று கட்டங்கள். நாலாவது இல்லை.

"சோப்புத் தண்ணி எங்கீங்க?"

"அது இல்லீங்க. ஏதோ ஒண்ண அமுத்துங்க, எனக்கு இன்னும் ரெண்டு எடம் போகோணும்."

ஷாமிலி வாடல் நோயை அமுக்கினாள். "நன்றி," என்றது அந்தக் குரல். "உங்கள் தகவலிலிருந்து நாங்கள் தொடர்ந்து கற்றுக்கொள்கிறோம்."

அவர் போனபின் சுவருக்கு மேல் வர்ஷாவின் தலை தெரிந்தது. கோபம் ஒருபுறம் இருந்தாலும் விஷயம் தெரியாமல் அவளால் சாப்பிட முடியாது. "என்ன வியாதியாம்?"

ஷாமிலி திருப்பிக் கேட்டாள். "உங்க வாஷிங் மெஷின் தண்ணி எங்க போகுது?"

"எங்க போகும், எலுமிச்சைக்குத்தான். போன வருசம் தண்ணி வராதப்ப நீங்கதான குழாய் போடச் சொன்னீங்க? எனக்கு மட்டுமா, வீதி பூராவும் சொன்னீங்க."

ஷாமிலி கேட்டைத் திறந்துகொண்டு அவள் வீட்டுக்குள் நுழைந்தாள். எதற்கு வந்தேன் என்று ஒரு காரணமும் சொல்லவில்லை. கறிவேப்பிலையின் அடிக்கட்டையைத் தாண்டி, வர்ஷா பின்னாலேயே வர, புழக்கடைக்குப் போனாள். டப்பாவில் பச்சை எரிந்தது. எலுமிச்சையின் கீழ்க்கிளை ஒன்றை வளைத்து, இலையைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்தாள். நுனியில் கடுகளவுக்குக் கருப்பு.

"என்னங்க்கா பண்றீங்க," என்று வர்ஷா கத்தக் கத்த, குழாயை உருவிச் சாக்கடைப் பக்கம் திருப்பிப் போட்டாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இன்னும் முப்பத்தெட்டுப் புழக்கடைகள் இருந்தன.